அந்த நோட்டை மூடி வையுங்கள், சகோதரி

கடிதம்:

நான் அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில் லேகி என்ற ஊரில் இருக்கிறேன். சொந்த ஊர் கோயம்புத்தூர். கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஞானஸ்நானம் எடுத்தோம். மார்மன் சபை என்று சொன்னால்தான் வெளியில் தெரியும். அவருக்கு சாப்ட்வேர் வேலை, நான் நர்ஸ். மகனுக்கு 25 வயது, மகளுக்கு 21.

மகன் எட்டு வயதில் ஞானஸ்நானம் எடுத்தான். இரண்டு வருடம் மிஷனரி ஊழியம் போய் வந்தான். சபை நடத்தும் பல்கலைக்கழகத்தில் படித்தான். படிப்பெல்லாம் முடிந்தபிறகு, போன வருடம் ஒரு ராத்திரி நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான். “அம்மா, எனக்கு இதுல நம்பிக்கை போய் ரொம்ப நாளாச்சு” என்றான். சபை வரலாற்றைப் படித்தேன் என்கிறான். இப்போது பதிவேட்டிலிருந்து பெயரையும் எடுத்துவிட்டான்.

அன்று முதல் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வகுப்பில், ‘வீட்டில் தோற்றால் வேறு எந்த வெற்றியும் அதற்கு ஈடாகாது’ என்ற வரியைப் படித்தார்கள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. அதுதான் தாங்கவில்லை. சபையிலிருந்து என்னைப் பார்க்க வரும் சகோதரி, பரலோகத்தில் நம் வீட்டு மேஜையில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்கக் கூடாது என்றார். கணவர் ஒரே ஒரு தடவை, “எல்லாம் நீ குடுத்த செல்லம்” என்றார். அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

நான் ஒரு நோட்டில் என் தவறுகளை எழுதி வருகிறேன். 40 பக்கம் ஆகிவிட்டது. போன நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு மகன் வந்தான். காரிலிருந்து இறங்கும்போது கையில் காப்பிக் கப் இருந்தது. எங்கள் சபையில் காப்பி குடிக்கக் கூடாது. அதைப் பனியில் கொட்டிவிட்டு உள்ளே வந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளைப் பனியில் அந்தப் பழுப்புக் கறை இரண்டு நாள் அப்படியே கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் அழுதேன்.

வரும் கோடையில் மகளுக்கு ஆலயத்தில் கல்யாணம். சபையை விட்டவன் என்பதால் அண்ணன் உள்ளே வர முடியாது. நான் எங்கே தவறினேன்? கடைசி நாளில் ஆண்டவர் கேட்டால் என்ன சொல்வேன்?

பெயர் வேண்டாம், யூட்டா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். குடும்ப ஆலோசகராக வேலை செய்கிறேன். உங்கள் சபையின் போதனை சரியா, உங்கள் மகன் எடுத்த முடிவு சரியா என்றெல்லாம் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நீங்கள் சபையில் இருங்கள், இருக்காமல் போங்கள், அது உங்கள் விருப்பம். நீங்கள் கேட்டது “நான் எங்கே தவறினேன்” என்று. அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்தப் பதிலையும், முடிந்தவரை உங்கள் வேதத்திலிருந்தும் உங்கள் தலைவர்கள் சொன்னதிலிருந்துமே எடுத்துச் சொல்கிறேன். ஏனென்றால் உங்களை அழுத்தும் பாரம் அங்கிருந்துதான் வருகிறது. நான் வெளியிலிருந்து சொல்லும் சமாதானம் விடியற்காலை மூன்று மணிக்கு உங்களுக்கு உதவாது.

நீங்கள் பயப்படும் வசனம் எது என்று எனக்குத் தெரியும். உங்கள் வேதநூல்களில் ஒன்றான ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ நூலின் 68-ஆம் பாகம். 1831 நவம்பரில், ஒஹையோ மாநிலத்தின் ஹைரம் என்ற ஊரில் உங்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் கொடுத்த வெளிப்படுத்தல் அது. பாவம் பெற்றோர் தலைமேல் இருக்கும் என்ற வார்த்தை அதில்தான் வருகிறது. அந்தக் கடைசி வார்த்தைதான் எல்லாத் தாய்மாருக்கும் மனப்பாடம். அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். பிள்ளைக்கு எட்டு வயதாகும்போது மனந்திரும்புதல், விசுவாசம், ஞானஸ்நானம், பரிசுத்த ஆவியின் வரம் ஆகியவற்றைப் புரியும்படி கற்றுக்கொடுக்காத பெற்றோரைப் பற்றித்தான் அந்த வாக்கியம் பேசுகிறது. நீங்கள் கற்றுக்கொடுத்தீர்கள். அவன் எட்டு வயதில் தண்ணீரில் இறங்கினான். பத்தொன்பது வயதில் அதே பாடத்தை ஊர் ஊராகப் போய்ப் பிறருக்குச் சொன்னான். கற்ற பிள்ளை இருபத்து நான்கு வயதில் யோசித்து ‘எனக்கு வேண்டாம்’ என்று சொன்னால் பெற்றோர் தலையில் பாவம் என்று அந்தப் பாகத்தில் எங்கேயும் இல்லை. கற்பிப்பது உங்களுக்கு இட்ட வேலை. அதை முடித்துவிட்டீர்கள். ஏற்பதும் ஏற்காததும் அவன் வேலை.

அடுத்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்த வரி. அதை உங்கள் சபையில் பிரபலமாக்கியவர் டேவிட் மெக்கே, 1951 முதல் 1970 வரை சபையின் தலைவராக இருந்தவர். அந்த வாக்கியம் அவருடைய சொந்த வாக்கியம்கூட இல்லை. 1924-இல் மெக்கல்லக் என்பவர் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்து 1935 மாநாட்டில் சொன்னார், 1964-இல் மறுபடி சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதுதான் முக்கியம். வீட்டைவிடத் தொழிலும் கேளிக்கையும் பெரிதாகப் போன ஆண்களை, வீட்டைவிட கிளப் இனிக்கிற ஆண்களைப் பார்த்துச் சொன்னது அது. வீட்டைக் கவனிக்காமல் விடுவதைத்தான் அவர் தோல்வி என்றார். வளர்ந்த பிள்ளை வேறு முடிவெடுப்பதை அவர் அங்கே பேசவே இல்லை. அந்த வரியை முன்பின் இல்லாமல் பிய்த்து எடுத்து, நைட் டூட்டி முடித்து வந்து தூங்காமல் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்த ஒரு தாயின் முன்னால் வாசித்தால், அது உங்களுக்குச் சொன்னது போலத்தான் கேட்கும். வாசித்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனாலும் அது உங்களைக் காயப்படுத்தியது உண்மை.

நைட் டூட்டி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1987 பிப்ரவரியில் எஸ்ரா டாஃப்ட் பென்சன், அப்போதைய தலைவர், தாய்மாருக்கென்றே ஒரு உரை நிகழ்த்தினார். தாய்மார் வீட்டில் இருக்க வேண்டும், வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்த உரையின் நிழல் உங்கள் சபைப் பெண்கள்மேல் பல வருடம் விழுந்து கிடந்தது. உங்கள் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை எனக்குப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். “2009 மார்ச், திங்கட்கிழமை, நைட் டூட்டி, குடும்ப மாலை நடக்கவில்லை. அவனுக்கு 9 வயது” என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். திங்கள் ராத்திரி குடும்பமாக உட்கார்ந்து வேதம் படிக்கும் நேரம் அது. அந்தக் கோடுகளைப் பார்த்து எனக்கு மனசு கனத்துப்போனது. அந்த ராத்திரி நீங்கள் யாரோ ஒருவரின் தாயைக் கவனித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் நின்றிருந்தீர்கள். அதற்கு அந்த நோட்டில் இடமே இல்லை. 40 பக்கத்தில் ஒரு பக்கம்கூட நீங்கள் செய்ததை எழுதவில்லை. செய்யாததை மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை, சகோதரி. எந்தக் கடைக்காரரும் செலவை மட்டும் எழுதிக் கணக்குப் பார்ப்பதில்லை.

உங்களை இன்னும் ஆழமாகக் குத்துவது வேறொன்று. அது வெளிப்பார்வைக்கு ஆறுதல் போலத் தெரியும். 1929-இல் ஆர்சன் விட்னி என்ற அப்போஸ்தலர் மாநாட்டில் ஒரு வாக்குறுதியைச் சொன்னார். நித்தியத்துக்கும் ஒரே குடும்பமாக ஆலயத்தில் முத்திரிக்கப்பட்ட, உண்மையாய் வாழ்கிற பெற்றோரின் உடன்படிக்கை பிள்ளைகளையும் காப்பாற்றும், ஆடு வழிதவறினாலும் மேய்ப்பனின் கண் அதன்மேல் இருக்கும் என்று. பல தாய்மார் இதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கு மனம் வராது. ஆனால் என் அனுபவத்தில், அதே ஆறுதல் மெல்ல மெல்ல ஒரு பில்லாக மாறிவிடுகிறது. நான் உண்மையாய் இருந்தால் அவன் வருவான் என்றால், அவன் வராத ஒவ்வொரு மாதமும் ‘நான் போதுமான அளவு உண்மையாய் இல்லை’ என்றுதானே அர்த்தம்? உடனே இன்னும் ஒரு உபவாசம், இன்னும் ஒரு தடவை ஆலயம், இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து வேதவாசிப்பு. அந்தக் கடன் தீரவே தீராது, ஏனென்றால் கடன் கொடுத்தவர் யாரும் இல்லை.

2014-இல் டேவிட் பெட்னார், அவரும் அப்போஸ்தலர்தான், இதைப் பற்றியே சபைப் பத்திரிகையில் எழுதினார். பெற்றோரின் உடன்படிக்கை, தானே முடிவெடுக்கும் பிள்ளையின் சுயாதீனத்தைத் தள்ளிவிட்டு வேலை செய்யாது என்பது அவர் சொன்னதின் சாரம். பலருக்கு அது கடுமையாகப் பட்டது, நம்பிக்கையைப் பறித்தது போல. எனக்கு அதில் ஒரு இரக்கம் தெரிகிறது. அவன் முடிவு உங்கள் விசுவாசத்தின் அளவுகோல் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். நீங்கள் கூடுதலாக உபவாசம் இருந்து அவன் மனதைத் திருப்ப முடியாது என்றால், குறைவாக இருந்ததால் அவன் போனான் என்பதும் பொய்தான்.

சுயாதீனம் என்று நீங்கள் சொல்லும் அந்த விஷயத்தைப் பற்றி நான் படித்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். உலகம் உண்டாகும் முன் பரலோகத்தில் நடந்த ஆலோசனையைப் பற்றி உங்கள் வேதம் என்ன சொல்கிறது? மனிதனின் சுயாதீனத்தை அழிக்கப் பார்த்தவன் சாத்தான். பிதா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதற்காக அவர் தம் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கை இழந்தார். மூன்றில் ஒரு பங்கு! பிள்ளை போனால் வளர்த்தவர் குற்றவாளி என்பது விதியானால், அந்த விதி முதலில் யார்மேல் விழும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். உங்கள் வேதம் ஒரு இடத்திலும் அவரை அப்படிச் சொல்லவில்லை.

நீங்கள் குடியிருக்கும் ஊரின் பெயரையும் பாருங்கள். லேகி. மார்மன் புஸ்தகத்தின் முதல் தகப்பன். தரிசனத்தில் ஜீவவிருட்சத்தைக் கண்டு, அதன் கனியைச் சாப்பிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூப்பிடுகிறார். சராயாள் வருகிறாள். சாமும் நேபியும் வருகிறார்கள். லாமானும் லெமுவேலும் வரவில்லை. கண் விழித்த லேகி என்ன செய்தார்? தான் எங்கே தவறினேன் என்று பட்டியல் போட்டதாக அங்கே இல்லை. அந்த இரண்டு பேருக்காகவும் பயந்தார், கனிவான தகப்பனாக அவர்களிடம் பேசினார். அவ்வளவுதான். ஒரே வீட்டில், ஒரே தாயும் தகப்பனும் வளர்த்த பிள்ளைகளில் இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். அப்படிப்பட்டவரின் பெயரைத்தான் உங்கள் ஊருக்கு வைத்திருக்கிறார்கள். அவரைத் தோற்ற தகப்பன் என்று உங்கள் வார்டில், அதாவது உங்கள் உள்ளூர்ச் சபையில், யாராவது சொல்வார்களா?

சரி, வேதத்தை விட்டு வெளியே வருகிறேன்.

உங்கள் வார்டில் நீங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்கிறீர்கள். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2007-இல் எடுத்த கணக்கில், மார்மன் வீட்டில் வளர்ந்தவர்களில் 70 சதவீதம் பேர் பெரியவர்களான பிறகும் அந்த மதத்தில் இருந்தார்கள். 2014-இல் அது 64 ஆனது. 2023-24-இல் எடுத்த கணக்கில் 54. அதாவது ஏறக்குறைய பாதிப் பேர் இன்று தங்களை அந்தச் சபை என்று சொல்லிக்கொள்வதில்லை. அந்த வகுப்பில் உங்கள் பக்கம் திரும்பாமல் குனிந்திருந்த பெண்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுக் காலி நாற்காலியை நினைத்துக் குனிந்திருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. இத்தனை பேர் வாழ்க்கையில் நடக்கும் விஷயத்துக்கு, உங்கள் வீட்டில் 2009 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை குடும்ப மாலை நடக்காதது எப்படிக் காரணமாகும்?

அவன் ஏன் போனான் என்ற கேள்வியிலும் கொஞ்சம் நில்லுங்கள். சோம்பேறித்தனமாகப் படித்தவன், பாவத்தில் விழுந்தவன், யாரோ மனம் நோகச் செய்ததால் போனவன், இப்படி மூன்று பெட்டிகள் தயாராக இருக்கின்றன. 2021 ஏப்ரல் மாநாட்டில் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன், சோம்பேறித்தனமாகக் கற்பவர்கள் ஒரு துளி விசுவாசத்துக்கும் சிரமப்படுவார்கள் என்று பேசியது பல பெற்றோரின் காதில் தங்கள் பிள்ளையைச் சொன்னது போல விழுந்தது. ஆனால் அதே மேடையில், 2013 அக்டோபரில், சபையின் முதன்மைத் தலைமையில் இருந்த டீட்டர் உக்டார்ஃப், போகிறவர்கள் மனம் நொந்தோ சோம்பலாலோ பாவத்தாலோதான் போகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அது அவ்வளவு எளிதான விஷயம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். உங்கள் மகன் படித்த வரலாறும் எதிரிகள் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜோசப் ஸ்மித்தின் பலதார மணம் பற்றியும், 1978 வரை கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் மறுக்கப்பட்டது பற்றியும் 2013 முதல் சபையே கட்டுரைகள் வெளியிட்டது. அவற்றைப் படித்துவிட்டு விசுவாசத்தோடு இருப்பவர்களும் உண்டு, இருக்க முடியாமல் போனவர்களும் உண்டு. உண்மையைத் தேடு என்று சொல்லி வளர்த்தது நீங்கள்தான். அவன் தேடி வந்து சேர்ந்த இடம் உங்களுக்கு வலிக்கிறது. அந்த வலிக்காக அவனைச் சோம்பேறி ஆக்கவும் வேண்டாம், உங்களைக் குற்றவாளி ஆக்கவும் வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கக் கேட்கிறேன். உங்களிடம் இருப்பதில் ஒரு பகுதி துக்கம், இன்னொரு பகுதி குற்ற உணர்வு. இரண்டும் ஒன்றாகப் பிசைந்து கிடக்கின்றன. துக்கம் நியாயமானது. குடும்பம் நித்தியத்துக்கும் சேர்ந்திருக்கும் என்று நம்பி, அதற்காகவே ஊரையும் சொந்தத்தையும் பகைத்துக்கொண்டு சபையில் சேர்ந்தவர் நீங்கள். பரலோகத்தின் உச்ச நிலையான சிலஸ்டியல் ராஜ்யத்தில் ஒரு பிள்ளை இல்லாமல் இருப்பேனோ என்று உங்களுக்கு வரும் பயத்தை ‘அதெல்லாம் ஒன்றும் இல்லை’ என்று நான் தள்ள மாட்டேன். ஆள் கண் முன்னாலேயே இருக்கிறான், ஆனாலும் எதையோ இழந்துவிட்டோம். யாரும் வந்து துக்கம் விசாரிக்கவும் மாட்டார்கள், நாமும் அழுது முடிக்க முடியாது. பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட இழப்புக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். அதற்கு அழலாம். எவ்வளவு வேண்டுமானாலும் அழுங்கள். ஆனால் குற்ற உணர்வு வேறு. துக்கம் உங்களை மகன் பக்கம் கொண்டுபோகும். குற்ற உணர்வு நோட்டுப் பக்கம் கொண்டுபோகும். ஒரு வருடமாக நீங்கள் மகனோடு பேசிய நேரம் அதிகமா, அந்த நோட்டோடு உட்கார்ந்த நேரம் அதிகமா?

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். என் அண்ணன் இருபத்திரண்டு வயதில், எனக்கு நம்பிக்கை இல்லை, இனி நற்கருணை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். எங்கள் ஊர்ச் சபையில் பெண்கள் கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லிச் சத்தமாக ஜெபித்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ‘வளர்த்த விதம் சரியில்லை’ என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அவளுக்கு அதுதான் கேட்டது. அப்புறம் அவன் கல்யாணம் செய்துகொண்டு வெளியூரில் இருந்தபோது, இரண்டு வருடம் அம்மா அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கோபத்தால் இல்லை. தன் தவறு அங்கே நடமாடிக்கொண்டிருப்பதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. பல வருடம் கழித்து ஒருநாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “அந்த ரெண்டு வருசத்துல அவன் புள்ள நடக்கப் பழகிருச்சு. நான் பாக்கல.” அண்ணன் கடைசிவரை கோயிலுக்குத் திரும்பவில்லை. அம்மா அழுதது அதற்காக இல்லை.

இப்போது உங்கள் மகன் பக்கம் வாருங்கள். அவன் படித்த பல்கலைக்கழகத்தில், சபையை விட்டு விலகிவிட்டேன் என்று முறைப்படி சொன்ன மாணவன் தொடர்ந்து படிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். வருடாவருடம் வார்டை நடத்தும் பிஷப்பின் ஒப்புதல் வேண்டும். அதனால்தான் ‘ரொம்ப நாளாச்சு’ என்றான். வகுப்புத் தோழர்களிடமும் சொல்ல முடியாமல், அறைத் தோழனிடமும் சொல்ல முடியாமல், வீட்டிலும் சொல்ல முடியாமல் அந்தப் பையன் எத்தனை மாதம் தனியாக இருந்திருப்பான்! கடைசியில் அவன் வந்து நின்றது பாத்திரம் கழுவும் அம்மாவின் பக்கத்தில். அப்பாவிடமோ பிஷப்பிடமோ அவன் முதலில் போகவில்லை. நீங்கள் தோற்ற தாய் என்றால் அங்கே வந்து நின்றிருக்க மாட்டான்.

அப்புறம் அந்தக் காப்பி. கோயம்புத்தூர்க்காரியான நீங்கள் சபைக்காக ஃபில்டர் காப்பியை விட்டவர். அது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். காப்பியை விலக்கும் ‘ஞான வார்த்தை’ என்ற கட்டளையை அவன் மீறியதற்கு அடையாளமாக அந்தக் கறையை நீங்கள் பார்த்தீர்கள். நான் பார்ப்பதைச் சொல்கிறேன். நவம்பர் குளிரில், நீண்ட தூரம் ஓட்டிவந்த பையன், கையில் சூடாக இருந்ததை அம்மாவுக்கு மனம் கஷ்டப்படும் என்று கீழே கொட்டினான். அவன் நம்பாத ஒரு கட்டளைக்கு அவன் மரியாதை காட்டக் காரணம், அது உங்கள் கட்டளை என்பதுதான். இதைச் சொல்லிக்கொடுத்தது யார்? நோட்டில் இதையும் எழுதியிருக்க வேண்டாமா?

இனி செய்ய வேண்டியவை. நோட்டைக் கிழிக்கச் சொல்ல மாட்டேன். கிழித்தால் மனப்பாடமாக ஓட ஆரம்பிக்கும். மூடி, ஒரு துணியில் சுற்றி, எட்டாத பரணில் வையுங்கள். எழுதக் கை பரபரத்தால், அந்த நேரத்தில் மகனுக்கு ஒரு வரி அனுப்புங்கள். “சாப்பிட்டியா” போதும். வசனம் வேண்டாம், மாநாட்டு உரையின் இணைப்பு வேண்டாம். இது மிகவும் முக்கியம். அம்மாவிடமிருந்து வரும் ஒவ்வொரு செய்தியிலும் ஒரு தூண்டில் இருக்கும் என்று பிள்ளை எதிர்பார்க்க ஆரம்பித்தால், அப்புறம் அவன் திறந்து பார்க்கவே மாட்டான்.

கணவரிடம் பேச வேண்டும். “நீ குடுத்த செல்லம்” என்பது சபை சொன்னது இல்லை, அது நம் ஊர்ப் பேச்சு. பிள்ளை நன்றாக வந்தால் அப்பன் பெயர், வேறு மாதிரி வந்தால் ஆத்தாள் வளர்ப்பு. அதைக் கடல் தாண்டியும் கொண்டுபோயிருக்கிறார். எனக்குத் தோன்றுவது, அவருக்கும் நெஞ்சுக்குள் அதே பயம்தான், அதைத் தூக்கி உங்கள் தோளில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். சண்டைக்கு வேண்டாம். ராத்திரி விளக்கை அணைத்தபிறகு கேளுங்கள்: “உங்களுக்கும் பயமா இருக்கா?” என்று. அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது என்பது அநியாயம்தான். இருந்தாலும் ஆரம்பியுங்கள்.

வார்டில் யாராவது கேட்டால், “அவன் நல்லா இருக்கான், கேட்டதுக்கு சந்தோஷம்” என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. காலி நாற்காலி பற்றிச் சொன்ன சகோதரியிடம் மட்டும், அது உங்களைக் காயப்படுத்தியது என்று நேராகச் சொல்லலாம். பலருக்குத் தாங்கள் என்ன சொல்கிறோம் என்றே தெரிவதில்லை. பிஷப்பிடம் போவதென்றால் போங்கள். ஆனால் அவர் சம்பளமில்லாமல் சேவை செய்யும் ஒரு சாதாரண மனிதர், வாரநாளில் பல் டாக்டராகவோ கணக்காளராகவோ இருப்பவர், மனநலப் பயிற்சி பெற்றவர் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

மகள் கல்யாணம் பற்றி. ஆலயத்துக்குள் நடக்கும் முத்திரிப்புக்கு அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள் போக முடியாது, அது மாறாது. ஆனால் 2019 மே மாதம் உங்கள் சபை ஒரு மாற்றம் செய்தது. அதற்குமுன் அமெரிக்காவில் வெளியில் சிவில் கல்யாணம் செய்தவர்கள் ஆலயத்துக்குப் போக ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இப்போது காத்திருக்க வேண்டாம். எல்லாரும் கூடியிருக்க ஒரு கல்யாணம், அப்புறம் ஆலயத்தில் முத்திரிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அண்ணன் தங்கை பக்கத்தில் நிற்கலாம். இது மகளும் மாப்பிள்ளையும் எடுக்க வேண்டிய முடிவு. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லுங்கள், வற்புறுத்த வேண்டாம். அவர்கள் ஆலயம் மட்டும் போதும் என்றால், அன்று காலை மகன் வெளியே தனியாக நிற்காதபடி, யாராவது ஒரு சொந்தக்காரரை, இல்லாவிட்டால் ஒரு பழைய நண்பனை, அவனோடு இருக்கச் சொல்லி இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். வெளியே வந்ததும் முதலில் அவனிடம் போங்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒரு நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு வருடமாக மூன்று மணி விழிப்பு, 40 பக்கப் பட்டியல், திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தும் தீராத பாவ பயம் எல்லாம் சேர்ந்தால் அது பக்தியின் எல்லையைத் தாண்டிவிட்டது. மதத்தைப் பிடித்துக்கொண்டு வரும் மன அழுத்தமும், ஓயாத சந்தேக நோயும் உண்டு, அவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு. உரிமம் பெற்ற மனநல ஆலோசகரைப் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: என் விசுவாசத்தையும் மதிப்பீர்களா, என் மகனின் முடிவையும் மதிப்பீர்களா? இரண்டுக்கும் ஆமாம் என்பவரிடம் போங்கள். வாழ்வதே பாரமாகத் தோன்றும் ராத்திரி வந்தால், அமெரிக்காவின் மனநல நெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழையுங்கள். அங்கே எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.

கடைசி நாளில் ஆண்டவர் கேட்டால் என்ன சொல்வேன் என்று கேட்டீர்கள். அதை நான் எழுதித் தர முடியாது. ஆனால் அவன் அடுத்த தடவை வரும்போது என்ன செய்யலாம் என்று சொல்ல முடியும். கார் சத்தம் கேட்டதும் ஜன்னலுக்குப் போகாதீர்கள். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெளியே போங்கள். கப்பைக் கொட்டப் போனால், “கொட்டாதப்பா, ஆறிடும், குடி” என்று சொல்லிவிட்டு, மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்காருங்கள். காப்பி நீங்கள் குடிக்க வேண்டாம். அவன் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.